அரைத் தாடைக்கு என்ன பெயர் வைப்பது?

உள்ளங்கையில் அடங்கிவிடும் துண்டு அது. வலப்பக்க மேல்தாடை. அதில் இரண்டு முன்கடைவாய்ப் பற்கள், இரண்டு கடைவாய்ப் பற்கள். அவற்றுக்கு முன்னால் கோரைப்பல் இருந்து போன குழி. 1932-இல், இமாசலத்தின் ஹரிதல்யாங்கர் கிராமத்தை ஒட்டி, இமயமலை அடிவாரக் குன்றுகளான சிவாலிக்கின் மண்ணில், யேல் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் எட்வர்ட் லூயிஸ் அதைக் கண்டெடுத்தார். 1934-இல் இராமாபிதெக்கஸ் பிரெவிரோஸ்ட்ரிஸ் என்று பெயரிட்டார். குட்டை மூஞ்சி கொண்ட இராமக் குரங்கு என்று பொருள். அந்தச் சிறு துண்டு பின்னால் மனிதக் கிளையின் முதல் மூதாதை என்று பாடநூல்களில் ஏறியது, 1980-களில் இறக்கப்பட்டது. இன்று அந்தப் பேரினமே (நெருங்கிய இனங்களின் தொகுதி, இரட்டைப் பெயரின் முதற்பாதி) வழக்கில் இல்லை.

அழிந்துபோன குரங்கினங்களின் எலும்பைத் தேடிப் போகிறவர்களுக்கு முழு எலும்புக்கூடு கிடைப்பது அரிது. பல் கிடைக்கும், தாடைத் துண்டு கிடைக்கும். உடம்பிலேயே கடினமான பொருள் எனாமல் என்பதால் மற்றதெல்லாம் மக்கிய பிறகும் பல் நிற்கும். ஊருக்குத் திரும்பி மேசையில் வைத்ததும் கேள்வி வரும்: சீட்டில் என்ன எழுதுவது? புதுப்பெயர் வைக்கலாம். ஏற்கெனவே இருக்கிற பெயருக்குள் சேர்க்கலாம். பேரினமும் இனமும் சொல்லாமல், இன்ன குடும்பம் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். அல்லது முகம், கை எலும்பு, புரதம் என்று வேறு சாட்சி வரும்வரை உறவைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கலாம். இந்தத் துறைக்குள் புதிதாக வருகிறவர்களை மனத்தில் வைத்தே இந்த வழிகளை ஒப்பிடுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெயர் வைப்பது ஒரு முடிவு, உறவு சொல்வது இன்னொரு முடிவு. இரண்டையும் ஒரே மூச்சில் செய்தபோதுதான் பெரிய பிழைகள் நேர்ந்தன.

புதுப்பெயரிலிருந்து தொடங்குவோம். அதைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. ஒரு துண்டுக்குப் பெயர் வைத்து, அதை வகைமாதிரியாக, அதாவது அந்தப் பெயருக்கு அளவுகோலாக நிற்கும் துண்டாக அறிவித்து, அளவுகளோடும் படத்தோடும் அச்சிட்டால் உலகத்தில் யாரும் அதை எடுத்துப் பார்த்து மறுக்கலாம். பெயரில்லாத துண்டு இழுப்பறையில் தூங்கும். ஜம்முவின் ராம்நகரில் கிடைத்த ஒரு கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பல். 1.25 கோடியிலிருந்து 1.38 கோடி ஆண்டு பழையது. 2020-இல் அதற்குக் காபி ராம்நகரென்சிஸ் என்று பெயர் வைத்து, தென்கிழக்காசியாவின் சிறு மனிதக் குரங்குகளான கிப்பன்களின் மூத்த உறவு என்றார்கள். (கபி என்ற வடசொல்லில் இருந்து எடுத்த பெயர். நம் நிகண்டுகளில் குரங்குக்குக் 'கவி' என்று வருவதும் அதே சொல்தான்.) அதுவரை தெரிந்திருந்த கிப்பன் எச்சங்களைவிட இது சுமார் 50 லட்சம் ஆண்டு முந்தியது. 2022-இல், சீனத்தின் யுன்னானில் கிடைத்த யுவான்மோபிதெக்கஸ் என்ற பழங்கிப்பனின் எச்சங்களை ஆராய்ந்த குழு, காபி கிப்பனே இல்லை, வேறொரு பழங்கிளையைச் சேர்ந்தது என்று எழுதியது. பெயர் அப்படியே நிற்கிறது, உறவில்தான் வழக்கு. இந்த நிலைமையை நான் ஆரோக்கியமானதாகவே பார்க்கிறேன். பல் எல்லோர் கண்ணிலும் படுகிறது, வாதம் நடக்கிறது.

மோசமான உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. நெப்ராஸ்காவில் கிடைத்த தேய்ந்த பல் ஒன்றை 1922-இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஹென்றி ஆஸ்பர்ன் கையிலெடுத்து, ஹெஸ்பெரோபிதெக்கஸ் என்று புதுப் பேரினமாக்கி, அமெரிக்காவில் கிடைத்த முதல் மனிதக் குரங்கு என்று அறிவித்தார். கிடைத்த இடத்தை மேலும் தோண்டியபோது அது பெக்கரி என்னும் பன்றி போன்ற விலங்கின் பல் என்று தெரிந்தது. 1927-இல் திரும்பப் பெற்றார்கள். தேய்ந்துபோன பல்லில் மேட்டுக் குமிழ்களும் பள்ளங்களும் அழிந்துவிடும். எந்த விலங்கின் பல் என்று காட்டும் அடையாளமே அவைதான். அடையாளம் அழிந்த பல்லுக்குப் பெயர் வைத்ததுதான் முதல் தவறு, கண்டம் தாண்டி உறவு சொன்னது இரண்டாவது.

இராமாபிதெக்கஸ் கதை இதைவிட நுட்பமானது. அங்கே பற்கள் நன்றாகவே இருந்தன. அதனால்தான் அதில் அதிகம் தங்கப் போகிறேன்.

படிக்க வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் உடைந்த கண்ணாடி வளையலில் ஒரு துண்டைக் கொடுப்பேன். ஒரு விரற்கடை நீளம் இருந்தாலும் மீதி வட்டத்தைக் காகிதத்தில் போட்டுவிடுவார்கள். வளையலுக்கு எங்கும் ஒரே வளைவு. பிறகு அரைத் தாடையின் பிளாஸ்டர் வார்ப்பைக் கொடுத்து, மறுபாதியை வரையச் சொல்வேன். அங்கேதான் கை நிற்கும். சிம்பன்சியின் பல்வரிசையில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ இணையாக ஓடும். நம்முடையது பின்னால் போகப் போக விரியும். வார்ப்பைக் காகிதத்தில் வைத்து, ஓரமாக ஒரு சின்னக் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தினால், மறுபாதி கண்ணாடிக்குள் தெரியும். கண்ணாடியை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்கள்: குரங்கின் தாடை. அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்கள்: மனிதத் தாடை. கண்ணாடியை எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்லவேண்டியது அண்ணத்தின் நடுவே இரு பாதியும் பொருந்தும் கோடு. அந்தக் கோடு துண்டில் இல்லையென்றால் வடிவத்தைத் தீர்மானிப்பது எலும்பு இல்லை, கண்ணாடியைப் பிடித்திருக்கும் கை.

லூயிஸ் அந்த வளைவை மனித வளைவாகப் பார்த்தார். 1935-இல் மானுடவியலாளர் அலெஷ் ஹிர்ட்லிச்கா அதைக் கடுமையாக மறுத்தார். பேச்சு அடங்கியது. 1961-இல் யேலில் எல்வின் சைமன்ஸ் அதே துண்டை மறுபடி எடுத்தார். குழியின் அளவை வைத்துப் பார்த்தால் கோரைப்பல் சிறியது, முகம் குட்டை, எனாமல் தடித்தது, பல்வரிசை வளைந்தது. எல்லாம் மனிதப் பக்கம் சாய்வதாக அவருக்குத் தோன்றியது. பின்னர் டேவிட் பில்பீமும் சேர்ந்துகொண்டார். கோரைப்பல் சிறுத்தால் கிழிப்பதற்கும் மிரட்டுவதற்கும் கை தேவைப்பட்டிருக்கும், கை ஓய்வாக இருக்கவேண்டுமானால் நிமிர்ந்து நடந்திருக்கும் என்று ஊகம் மேலே மேலே போனது. காலெலும்பு ஒன்றுகூடக் கையில் இல்லை. அவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்ல, அந்தத் துறையின் முதல்வரிசைக்காரர்கள். ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருந்தது. அடிப்படி மட்டும் கண்ணாடிப் பிம்பத்தில் நின்றது.

இனி இரண்டாம் வழி, அதாவது பழைய பெயருக்குள் சேர்ப்பது. பொதுவாக இதைத்தான் அடக்கமான வழி என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். 1965-இல் சைமன்ஸும் பில்பீமும் மயோசீன் காலத்து (ஏறத்தாழ 2.3 கோடி முதல் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன்) மனிதக் குரங்குகளின் பெயர்க் காட்டை வெட்டிச் சீர்செய்தார்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பெயர் என்று பெருகியிருந்த டஜன் கணக்கான பெயர்களைச் சில பேரினங்களுக்குள் அடக்கினார்கள். செய்யவேண்டிய வேலை, பெரும்பகுதி நன்றாகவும் செய்த வேலை. ஆனால் அதே சேர்க்கையில் கென்யாவின் ஃபோர்ட் டெர்னனில் லூயிஸ் லீக்கி எடுத்து கென்யாபிதெக்கஸ் என்று பெயரிட்ட 1.4 கோடி ஆண்டு பழைய தாடைத் துண்டுகளும் இராமாபிதெக்கஸுக்குள் வந்து விழுந்தன. இதன் விளைவைக் கவனியுங்கள். சிவாலிக் துண்டில் இல்லாத பகுதியை ஆப்பிரிக்கத் துண்டு நிரப்பியது, ஆப்பிரிக்கத் துண்டில் இல்லாததைச் சிவாலிக் துண்டு நிரப்பியது. இரண்டு கண்டங்களின் இரண்டு விலங்குகள் சேர்ந்து எங்குமே வாழாத ஒரு மூன்றாம் விலங்கு உருவானது. 1973-இல் ஆலன் வாக்கரும் பீட்டர் ஆண்ட்ரூஸும் ஃபோர்ட் டெர்னன் தாடைகளை மட்டும் எடுத்து, நடுப்பகுதி எஞ்சியிருந்த துண்டையும் வைத்து மறுபடி பொருத்தினார்கள். மனிதத் தாடையின் வளைவு அங்கே இல்லை. முன்பக்கம் குறுகி, பக்கங்கள் நேராக ஓடும் தாடை கிடைத்தது.

சேர்ப்பதில் சிக்கல் இப்படி இருக்க, பிரிப்பதில் இருந்த சிக்கல் இன்னும் சுவையானது. இராமாபிதெக்கஸ் கிடைத்த அதே சிவாலிக்கில் சிவாபிதெக்கஸ் என்ற பேரினம் 1910-லேயே, இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் கை பில்கிரிம் வைத்த பெயரில், இருந்தது. அது உருவில் பெரியது, கோரைப்பல் பெரியது. இராமாபிதெக்கஸ் சிறியது, கோரைப்பல்லும் சிறியது. இரண்டும் வேறு என்றார்கள். தமிழில் ஆண் குரங்கு கடுவன், பெண் குரங்கு மந்தி. சொல் இரண்டு, விலங்கு ஒன்று. சிவாலிக்கிலும் நடந்தது அதுவேதான். கொரில்லாவிலும் ஒராங்குட்டானிலும் ஆணின் எடை பெண்ணுடையதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். கோரைப்பல்லில் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். இராமாபிதெக்கஸ் என்று ஒதுக்கிவைத்த சிறு தாடைகளில் பல, சிவாபிதெக்கஸின் மந்திகள். சிறிய கோரைப்பல் மனிதத் தன்மை அல்ல, பெண்மையின் அடையாளம். பெயரிடல் விதிப்படி முந்திய பெயருக்கே உரிமை என்பதால் 1910-இன் சிவா நின்றது, 1934-இன் இராமா கரைந்தது.

சீனத்திலும் இதே கதை, ஆனால் முடிவு விரைவில் வந்தது. யுன்னானின் லூஃபெங் நிலக்கரிப் படுகையில் 1970-களின் நடுவிலிருந்து மண்டையோடுகள், தாடைகள், நூற்றுக்கணக்கில் பற்கள் என்று குவிந்தன. முதலில் பெரியவற்றைச் சிவாபிதெக்கஸ் என்றும் சிறியவற்றை இராமாபிதெக்கஸ் என்றும் பிரித்தார்கள். எண்ணிக்கை கூடக்கூட, ஒரே விலங்கின் ஆணும் பெண்ணும் இவை என்று தெளிவாகி, 1987-இல் வூ ருகாங் லூஃபெங்பிதெக்கஸ் என்று ஒரே பேரினமாக்கினார். நாலு துண்டு இருந்தால் இரண்டு இனம் போலத் தெரியும். நானூறு பல் இருந்தால் இரண்டு பால் என்று தெரியும். ஆகவே, சிறிதும் பெரிதுமாக இரண்டு துண்டுகள் ஒரே படிவில், அதாவது ஒரே மண்ணடுக்கில் கிடைத்தால், பிரிப்பதற்கு முன் கொரில்லாவின் ஆண், பெண் பற்களை அளந்து பக்கத்தில் வையுங்கள். உங்கள் இரண்டு துண்டுகளுக்கு இடையிலான தூரம் அந்த வித்தியாசத்துக்குள் அடங்கினால் பிரிக்க உங்களுக்கு ஆதாரம் இல்லை.

மூன்றாம் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் அதைத்தான் பெரும்பாலான துண்டுகளுக்குப் பரிந்துரைப்பேன். 'மனிதக் குரங்குப் பெருங்குடும்பம், பேரினம் தெளிவில்லை' என்று எழுதி, அளவையும் படிவின் வயதையும் கிடைத்த இடத்தையும் துல்லியமாகப் பதிவதுதான் அது. 'ஒப்பிடுக' என்ற பொருளுள்ள லத்தீன் சுருக்கத்தை இனப்பெயருக்கு முன்னால் போட்டு, 'இதைப்போல் இருக்கிறது, இதுவே என்று சொல்லமாட்டேன்' என்று காட்டும் வழக்கமும் உண்டு. இதில் புகழ் கிடைக்காது. பெயரில்லாத் துண்டை யாரும் தேடிவந்து பார்க்கமாட்டார்கள் என்ற குறையும் உண்மையான குறை. அளவுகளையும் படங்களையும் முழுதாக வெளியிட்டால் அந்தக் குறை பெரும்பாலும் தீரும்.

இனி வேறு சாட்சிகள். முதல் சாட்சி மண்ணுக்குள்ளிருந்து வரவில்லை, இரத்தத்திலிருந்து வந்தது. 1967-இல் பெர்க்லியின் வின்சென்ட் சாரிச்சும் ஆலன் வில்சனும் உயிரோடிருக்கும் குரங்குகளின், மனிதரின் இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தை ஒப்பிட்டு, நாமும் ஆப்பிரிக்க மனிதக் குரங்குகளும் பிரிந்து ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுதான் ஆகிறது என்றார்கள். அது சரியென்றால் 1.4 கோடி ஆண்டு பழைய மனிதக் கிளை இருக்கவே முடியாது. எலும்பாளர்கள் ஏற்கவில்லை. பல்லைக் கையில் வைத்திருப்பவருக்குச் சோதனைக்குழாய்க் கணக்கு நம்பத்தகாததாகத் தெரிந்ததில் எனக்கு வியப்பில்லை. ஆனால் இன்று திரும்பிப் பார்த்தால், துண்டின் வடிவத்தை மட்டும் நம்பினவர்கள் தோற்றார்கள், துண்டைத் தொடாதவர்கள் ஜெயித்தார்கள்.

இரண்டாம் சாட்சி முகம். பாகிஸ்தானின் போட்வார் மேட்டுநிலத்தில், பில்பீமே தலைமை தாங்கிய குழு, சிவாபிதெக்கஸின் முகத்தின் இடப்பக்கத்தையும் கீழ்த்தாடையையும் எடுத்தது. ஜி.எஸ்.பி. 15000 என்பது அதன் எண். 80 முதல் 90 லட்சம் ஆண்டு பழையது. 1982-இல் வெளியானது. கண்குழிகள் உயரமான முட்டை வடிவம். இரண்டு கண்ணுக்கும் நடுவே மிகக் குறுகலான எலும்பு. பக்கவாட்டில் பார்த்தால் முகம் உட்குழிந்திருக்கிறது. மூக்கின் தரை, படி ஏதுமின்றி வழவழவென்று மேல்தாடைக்குள் இறங்குகிறது. நடு வெட்டுப்பல் பெரியது, ஓர வெட்டுப்பல் சிறியது. இவை ஒவ்வொன்றும் ஒராங்குட்டானுடையவை. கொரில்லாவின் முகத்தையோ மனித முகத்தையோ பக்கத்தில் வைத்தால் பொருந்தாது. 1982-இலேயே ஆண்ட்ரூஸும் குரோனினும் சிவாபிதெக்கஸையும் இராமாபிதெக்கஸையும் ஒராங்குட்டான் கிளையில் வைத்தார்கள். தான் கட்டியதைத் தன் கண்டெடுப்பே இடித்ததைப் பார்த்து, பில்பீம் வெளிப்படையாகக் கருத்தை மாற்றிக்கொண்டார். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கிற செயல்களில் அது ஒன்று.

தடித்த எனாமல் என்னவாயிற்று? கடின ஓட்டுக் கொட்டைகளையும் கெட்டியான உணவையும் கடிக்கிற விலங்கு எதிலும் அது தனியாகத் தோன்றலாம். உணவைச் சொல்லும் அடையாளத்தை உறவைச் சொல்லும் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். பல்லை வைத்து உறவு சொல்வதில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. வயிறு ஒத்துப்போனால் பல் ஒத்துப்போகும்.

ஆனால் முகம் கிடைத்தால் வழக்கு முடிந்தது என்று நினைத்துவிடக்கூடாது. 1990-இல் அதே பில்பீம் குழு சிவாபிதெக்கஸின் மேல்கை எலும்புகளை வெளியிட்டது. ஒராங்குட்டான் மரத்தில் தொங்கிப் போகிற விலங்கு. இந்தக் கை எலும்போ நாலு காலில் கிளைமேல் நடக்கிற குரங்கின் கையை ஒத்திருந்தது. 2015-இல் வந்த இடுப்பெலும்பும் குறுகல், அதுவும் சாதாரணக் குரங்கைப்போல. முகம் ஒரு கதை சொல்கிறது, உடம்பு இன்னொன்று. முகத்தின் ஒற்றுமை உறவால் வந்தது, ஒராங்குட்டானின் தொங்கும் உடம்பு பின்னால் தனியாக வந்தது என்பது பலர் ஏற்கும் விளக்கம். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் முகம் முதலில் கிடைக்காமல் கை முதலில் கிடைத்திருந்தால், ஒராங்குட்டானின் பெயரையே யாரும் எடுத்திருக்கமாட்டார்கள். எந்தத் துண்டு முதலில் மண்ணைவிட்டு வெளியே வருகிறது என்பது விலங்கின் உறவைத் தீர்மானிக்கக்கூடாது அல்லவா? முழு எலும்புக்கூடும் காப்பாற்றாது. ஜெர்மனியின் மெஸ்ஸலில் கிடைத்த, 4.7 கோடி ஆண்டு பழைய டார்வினியஸ் ஏறக்குறைய முழுமையான எலும்புக்கூடு. 2009-இல் அதை நம் பக்கத்துக் கிளை என்றார்கள். அதே ஆண்டிலேயே மற்றவர்கள் மடகாஸ்கரின் லெமூர்களின் பக்கத்துக்குத் தள்ளினார்கள்.

மூன்றாம் சாட்சிதான் இப்போது புதிது. ஜைகாண்டோபிதெக்கஸ் என்னும் இராட்சதக் குரங்கை ரால்ஃப் ஃபான் கோனிக்ஸ்வால்டு 1935-இல் கண்டது ஒரு மருந்துக் கடையில். ஹாங்காங்கில் 'டிராகன் எலும்பு' என்று பொடித்து விற்க வைத்திருந்த குவியலில் ஒரு மாபெரும் கடைவாய்ப் பல். அன்றிலிருந்து இன்றுவரை நாலு கீழ்த்தாடைகளும் ஏறத்தாழ 2000 பற்களும்தான், மண்டையோடில்லை, கைகாலில்லை. மனிதக் கிளை என்றுகூடச் சிலர் எழுதினார்கள். 2019-இல் தென்சீனத்தின் குவாங்ஷியிலுள்ள சூய்ஃபெங் குகையிலிருந்து எடுத்த, 19 லட்சம் ஆண்டு பழைய பல்லின் எனாமலுக்குள்ளிருந்து ஆறு புரதங்களின் மிச்சத்தை எடுத்தார்கள். ஒராங்குட்டான் கிளை, பிரிந்தது சுமார் 1 கோடி முதல் 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று வந்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் டி.என்.ஏ. தங்காது, எனாமல் படிகத்துக்குள் அடைபட்ட புரதம் தங்கியிருந்தது. வடிவத்தால் 80 ஆண்டு தீராத வாதம் துளியளவு எனாமல் தூளால் தீர்ந்தது.

சிவாலிக்கின் எச்சங்கள் இதைவிட நாலு முதல் ஏழு மடங்கு பழையவை. அங்கே இந்த வழி திறக்கும் என்று இப்போதே எண்ணி உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவே துண்டைப் பார்த்து முடிவெடுக்கும் வேலை நம் தலையில்தான் இன்னும் இருக்கிறது. நாளை ஹரிதல்யாங்கர் சரிவில் மழைக்குப் பின் உங்கள் கண்ணில் ஒரு அரை மேல்தாடை பட்டால், நடுக்கோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பல்வரிசையின் வடிவத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள். பற்களை அளந்து, சிவாபிதெக்கஸின் கடுவனும் மந்தியும் காட்டும் வரம்புக்குள் விழுகிறதா பாருங்கள். விழுந்தால் சிவாபிதெக்கஸ், இனம் தெளிவில்லை. விழாவிட்டால், தேயாத பல்லில் வேறெந்தக் குரங்கிலும் இல்லாத ஓர் அடையாளம் கண்ணுக்குத் தெரிந்தால், துணிந்து புதுப்பெயர் வையுங்கள். 'உறவு' என்ற கட்டத்தில் மட்டும் பென்சிலால் எழுதுங்கள்.